இங்கிலாந்துல ஒரு ஹெர்னியாவுக்கு 13 மாசம் அலைஞ்ச கதை

முதல்லயே சொல்லிடறேன், இது என்எச்எஸ்ஸ, அதாவது இங்க அரசாங்கம் நடத்தற மருத்துவ சேவைய, திட்டறதுக்காக எழுதினது இல்ல. எனக்கு ஆபரேஷன் பண்ணி, டீயும் டோஸ்ட்டும் குடுத்து, ஒரு பைசா கேக்காம வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. ஆனா அந்த ஒரு மணி நேர ஆபரேஷன் டேபிள்ல போய் படுக்கறதுக்கு எனக்கு 13 மாசம் ஆச்சு, கையில இருந்து கிட்டத்தட்ட 4,000 பவுண்ட் போச்சு, அதுல பாதி என்னோட மக்குத்தனம், மீதி பாதி இதெல்லாம் இப்படித்தான்னு சொல்ல ஆள் இல்லாதது. ஆபரேஷன் முடிஞ்சு ஏழு வாரம் ஆச்சு, இப்பதான் நாற்காலில நிமிந்து உக்காந்து டைப் பண்ண முடியுது.

நான் 2023 ஜனவரி இன்டேக்ல மாஸ்டர்ஸ் பண்ண வந்தவன், ஊரு லால்குடி பக்கம், இங்க மிட்லேண்ட்ஸ்ல ஒரு ஊர்ல ஆறு பசங்களோட ஒரே வீடு. விசா அப்ளை பண்ணும்போதே ஐஎச்எஸ்னு ஒரு ஹெல்த் சர்சார்ஜ் புடுங்குவாங்க, அப்போ ஸ்டூடன்ட்டுக்கு வருஷம் 470 பவுண்ட், எனக்கு மொத்தமா 705 வந்துச்சு. அப்புறம் படிப்பு முடிஞ்சு இங்க வேலை பாக்கறதுக்கான கிராஜுவேட் விசா. 2024 பிப்ரவரி 6-ல இருந்து அந்த சர்சார்ஜ் 624-ல இருந்து 1,035-க்கு ஏறிருச்சு, எனக்கு ரிசல்ட் வந்ததே பிப்ரவரி கடைசி, அதனால ரெண்டு வருஷத்துக்கு 2,070 கட்டினேன். ஒரு மாசம் முன்னாடி ரிசல்ட் வந்திருந்தா 822 பவுண்ட் மிச்சம். ஆக 2,775 பவுண்ட் முன்கூட்டியே கட்டியாச்சு, அதுபோக சம்பளத்துல டாக்ஸ், நேஷனல் இன்ஷூரன்ஸ் தனி. இவ்வளவு கட்டிட்டு நான் என்ன பண்ணேன் தெரியுமா, வந்து 20 மாசம் ஜிபி கிட்ட (எதுக்கும் முதல்ல போய் பாக்கற நம்ம ஏரியா பொது டாக்டர்) ரெஜிஸ்டரே பண்ணல. நமக்கு என்ன வரப்போகுதுன்னு ஒரு தெனாவட்டு, அவ்வளவுதான்.

ஒரு வேர்ஹவுஸ்ல ஏஜென்சி மூலமா வேலை, பெட்டி தூக்கற வேலைதான். 2024 செப்டம்பர்ல ஒரு நாள் குளிக்கும்போது அடிவயித்துக்கு கீழ, தொடை சேர்ற எடத்துல எலுமிச்சம்பழம் சைஸ்ல ஒரு வீக்கம். படுத்தா உள்ள போயிடுது, நின்னா வெளிய வருது. எடம் அப்படி, ரூம் பசங்க கிட்ட கூட சொல்ல கூச்சம். ரெண்டு வாரம் நெட்ல தேடி தேடி கேன்சர் வரைக்கும் போயிட்டு வந்தேன். அப்புறம்தான் ஜிபி ரெஜிஸ்டர் பண்ண ஓடினேன், ரிசப்ஷன்ல கரண்ட் பில்லு, கவுன்சில் டாக்ஸ் பில்லு எதாவது உங்க பேர்ல கொண்டு வாங்கன்னாங்க. ஆறு பேர் இருக்கற வீட்டுல பில்லு எல்லாம் ஒருத்தன் பேர்லதானே இருக்கும். அட்ரஸ் போட்ட பேங்க் லெட்டர் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரம் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, இங்கிலாந்துல ஜிபில ரெஜிஸ்டர் பண்ண அட்ரஸ் ப்ரூஃபும் வேணாம், பாஸ்போர்ட்டும் வேணாம், விசாவும் காட்ட வேணாம், இது என்எச்எஸ்ஸே எழுதி வெச்சிருக்கற விதி. அதுக்குன்னு பர்ஸ்ல வெக்கற மாதிரி ஒரு ஜிபி ஆக்சஸ் கார்டு கூட இருக்கு, அதை அப்படியே நீட்டினா போதும். வந்து இறங்கின முதல் வாரமே சிம் கார்டு வாங்கறப்போவே ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, உடம்பு சரியில்லாதப்போ இந்த அலைச்சல் வேணாம்.

இங்க ஒரு காமெடி சொல்லணும். ஜிபி கிளினிக்கை இங்க சர்ஜரின்னுதான் சொல்லுவாங்க. நான் அம்மா கிட்ட போன்ல சாதாரணமா "நாளைக்கு சர்ஜரிக்கு போறேம்மா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அன்னிக்கு ராத்திரிக்குள்ள சமயபுரத்தம்மனுக்கு மாவிளக்கு வேண்டியாச்சு, சித்தப்பா திருச்சில இருந்து போன் பண்ணி எந்த டாக்டர், என்ன ஆபரேஷன், பணம் வேணுமான்னு கேக்கறாரு.

சரி, ரெஜிஸ்டர் ஆச்சு. இப்போ அப்பாயின்ட்மென்ட். காலைல 8 மணிக்கு போன் பண்ணணும், 8:20-க்கு அன்னிக்கு உள்ளது எல்லாம் முடிஞ்சிரும். எனக்கு ஷிஃப்ட் 6 மணிக்கு, உள்ள போகும்போதே போனை லாக்கர்ல வெச்சிடணும். ஆஃபீஸ்ல லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்கறவன் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு 30-வது ஆளா வெயிட் பண்ணிடலாம், நான் எங்க பண்றது. லீவ் போட்டா அன்னிக்கு கூலி இல்ல. ரெண்டு நாள் கூலிய விட்டு, மூணாவது தடவைதான் கெடச்சுது. அந்த சர்ஜரி வெப்சைட்ல ஒரு ஆன்லைன் ஃபார்ம் இருந்துருக்கு, அதுல எழுதி போட்டா அவங்களே கூப்பிடுவாங்க, யாரும் சொல்லல, நானும் பாக்கல. இப்போ 2025 அக்டோபர் 1-ல இருந்து அந்த ஆன்லைன் ஃபார்மை காலைல 8 மணில இருந்து சாயந்திரம் 6:30 வரைக்கும் தொறந்து வெக்கணும்னு எல்லா ஜிபிக்கும் கட்டாயம் பண்ணிட்டாங்க. போன்ல நிக்காதீங்க, அதுல எழுதுங்க. எத்தனை மணிக்கு மேல கூப்பிட்டா போன் எடுக்க முடியும்னும் அதுலயே எழுதிடுங்க.

இப்போ சொல்லப் போறதுதான் நான் பண்ணதுலயே பெரிய தப்பு. டாக்டர் நல்லவங்க, சிரிச்ச முகம், ஹவ் ஆர் யூன்னாங்க, நான் ஐயாம் ஃபைன்னேன். செக் பண்ணி ஹெர்னியா, நம்ம ஊர்ல குடலிறக்கம்னு சொல்லுவோமே அதுதான்னு சொல்லிட்டு, வலி எப்படி இருக்கு, வேலைக்கு போக முடியுதான்னு கேட்டாங்க. நான் "லிட்டில் பெயின், நோ ப்ராப்ளம், ஐ கேன் மேனேஜ்". நம்ம ஊர் பழக்கம், டாக்டர் முன்னாடி ரொம்ப பொலம்பக் கூடாதுன்னு வளத்துட்டாங்க, அதோட வேலை போயிடுமோன்னு பயம் வேற. அவங்க சரி, இப்போதைக்கு கவனிச்சுட்டு இருப்போம், மோசமானா வாங்கன்னு அனுப்பிட்டாங்க. நாலு நாள் கழிச்சு என்எச்எஸ் ஆப்ல என் ரெக்கார்டை தொறந்து பாக்கறேன், குறைஞ்ச அறிகுறி, வேலைய பாதிக்கலன்னு எழுதியிருக்கு. நான் சொன்னதத்தான எழுதுவாங்க! வலி கம்மியா இருக்கற ஹெர்னியாவ ஆபரேஷனுக்கு அனுப்பறதில்லன்னு சில ஏரியாவுல பாலிசி வெச்சிருக்காங்க, நான் இருந்த ஏரியா அதுல ஒண்ணு. அப்போ இங்கிலாந்தை 42 ஏரியாவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஐசிபின்னு ஒரு போர்டு வெச்சிருந்தாங்க, அந்த போர்டு கையிலதான் காசு, காசு எவ்வளவு இருக்கோ அதுக்கேத்த மாதிரி பாலிசி. ஒரே நாடு, ஒரே என்எச்எஸ், ஆனா வீடு எந்த தெருவுலன்னு பாத்து உங்க ஹெர்னியாவுக்கு மரியாதை மாறும். இங்க உள்ளவங்க இதை போஸ்ட்கோட் லாட்டரின்னு சொல்றாங்க.

அதனால டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு துண்டு சீட்டுல எழுதிட்டு போங்க. பத்து நிமிஷம்தான் குடுப்பாங்க. எத்தனை கிலோ தூக்கற வேலை, எத்தனை நாள் லீவ் போட்டீங்க, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருது, மாடி ஏறும்போது என்ன ஆகுது, இப்படி நடந்ததை நடந்தபடி. பொய் சொல்ல வேணாம், ஆனா மானம் மரியாதைன்னு கொறச்சும் சொல்லாதீங்க. இங்கிலீஷ் சரியா வராதுன்னா இன்டர்ப்ரிட்டர் வேணும்னு புக் பண்ணும்போதே கேளுங்க, ஃப்ரீதான், தமிழுக்கும் ஆள் போன்ல வருவாங்க. புள்ளைய கூட்டிட்டு போய் மொழிபெயர்க்க வெக்காதீங்க, நான் பாத்திருக்கேன், ஒரு பத்து வயசு பொண்ணு அவங்க அம்மாவோட பீரியட்ஸ் பிரச்சினைய டாக்டர் கிட்ட சொல்லிட்டு நிக்குது.

நடுவுல பிரைவேட்ல எவ்வளவுன்னு விசாரிச்சேன். 25 மைல் தள்ளி ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி, 3,200 பவுண்ட் சொன்னாங்க. ஊருக்கே போயிடலாம்னும் கணக்கு போட்டேன், டிக்கெட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் சேத்து அதுல பாதிதான் ஆகும். ஆனா ரெண்டு மாசம் காணாம போனா ஏஜென்சில பேரையே அடிச்சிருவான். 3,200 என் கிட்ட இல்ல. விட்டுட்டேன். இந்த ஆஸ்பத்திரிய ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருது.

டிசம்பர்ல மறுபடி போய், இந்த தடவை சீட்டு பாத்து வாசிச்சேன், ஆஸ்பத்திரி சர்ஜனுக்கு ரெஃபர் பண்ணிட்டாங்க. அப்பாடான்னு இருந்தேன். பிப்ரவரில வாடகை ஏத்தினதால வீடு மாறினோம், ரெண்டு தெரு தள்ளிதான். பேங்க்ல அட்ரஸ் மாத்தினேன், ஏஜென்சில மாத்தினேன், லைசன்ஸ்ல மாத்தினேன். ஜிபி அதே ஜிபிதானே, எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன். அதே மாசம் ஆஃபர்ல ஒரு புது சிம் வேற. மார்ச் போச்சு, ஒரு தகவலும் இல்ல. கேட்டா கோச்சுக்குவாங்களோன்னு கேக்கவும் இல்ல. அப்போ இங்க வெயிட்டிங் லிஸ்ட்ல 70 லட்சம் கேஸுக்கு மேல நின்னுச்சு, 18 வாரத்துக்குள்ள 92 சதவீதம் பேருக்கு சிகிச்சை ஆரம்பிக்கணும்ங்கற டார்கெட்டை 2016-க்கு அப்புறம் தொட்டதே இல்ல, நாம வரிசைல நிக்கறோம், முறை வரும்னு நெனச்சேன்.

ஏப்ரல் கடைசில ஒரு ராத்திரி வீக்கம் உள்ள போகல. எப்பவும் படுத்தா போயிடும், அன்னிக்கு கல்லு மாதிரி நிக்குது, வலி உயிர் போகுது, குமட்டல். என்எச்எஸ்ஸோட 111 ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணேன், உடனே எமர்ஜென்சிக்கு போங்கன்னாங்க. இதை மட்டும் அசால்ட்டா விடாதீங்க, வீக்கம் கெட்டியாகி உள்ள போகாம வாந்தியும் வந்தா குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்னு போயிருக்கலாம், அப்போ வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் கிடையாது, அன்னிக்கே ஆபரேஷன். எனக்கு அதிர்ஷ்டம், ஏழு மணி நேரம் ஏ அண்ட் ஈ-ங்கற எமர்ஜென்சி வார்டுல உக்காந்து, விடியக்காலைல ஒரு டாக்டர் படுக்க வெச்சு மெதுவா அமுக்கி உள்ள தள்ளிட்டாரு. தள்ளிட்டு ஸ்கிரீனைப் பாத்துட்டு கேக்கறாரு, மூணு வாரம் முன்னாடி இதே ஆஸ்பத்திரில உங்களுக்கு சர்ஜன் அப்பாயின்ட்மென்ட் இருந்துச்சே, ஏன் வரலன்னு.

எனக்கு ஒரு நிமிஷம் காதே அடச்சுப் போச்சு. லெட்டர் பழைய வீட்டுக்கு போயிருக்கு, மெசேஜ் பழைய நம்பருக்கு போயிருக்கு. வராததால லிஸ்ட்ல இருந்து எடுத்து, ஜிபி கிட்டயே திருப்பி அனுப்பிட்டாங்க, அந்த லெட்டரும் பழைய வீட்டுக்குத்தான். மறுநாள் அந்த வீட்டுக்கு போனேன், ஷூ ரேக் மேல பீட்சா நோட்டீஸுக்கு நடுவுல மூணு கவர் கெடக்குது. அங்கயே படிக்கட்டுல உக்காந்து அழுதேன், வெக்கமா இருந்தாலும் சொல்றேன்.

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியோட பேல்ஸ்க்கு மெயில் போட்டேன், நோயாளிகளுக்கு உதவறதுக்குன்னு பெரும்பாலான ஆஸ்பத்திரில இருக்கற டெஸ்க் அது. அஞ்சு வாரம் கழிச்சு பதில், வருத்தம்தான், ஆனா டிஸ்சார்ஜ் ஆயிட்டதால புதுசா ஜிபி ரெஃபரல் வேணும்னு. முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வராம போனா அதுவரைக்கும் ஓடின அந்த 18 வாரக் கணக்கு செல்லாது, டிசம்பர்ல இருந்து நின்னது எல்லாம் பூஜ்யம். தேதிய நோயாளிக்கு ஒழுங்கா தெரிவிச்சிருக்கணும்னு விதி இருக்கு, ஆனா அட்ரஸ் மாத்தாதது நான், எதை வெச்சு சண்டை போடறது. நான் பண்ணின இன்னொரு தப்பு, மெயில் போட்ட அன்னிக்கே ஜிபி கிட்டயும் போயிருக்கணும், பதில் வரட்டும்னு கைய கட்டிட்டு உக்காந்துட்டேன். வீடு மாறினா, நம்பர் மாறினா, அன்னிக்கே ஜிபி கிட்ட மாத்துங்க, ஆஸ்பத்திரிக்கும் தனியா போன் பண்ணி மாத்தி, திரும்ப வாசிக்க சொல்லி கேளுங்க. ரெஃபர் பண்ணி நாலு வாரம் ஆகியும் ஒண்ணும் வரலன்னா நீங்களே கூப்பிடுங்க. இங்க யாரும் கோச்சுக்க மாட்டாங்க, கேக்கறவனுக்குத்தான் பதில்.

இந்த நேரத்துல வேலை என்னாச்சுன்னா, வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் ஃபிட் நோட் குடுத்துட்டாரு, ஏஜென்சில வேற வேலை இல்லன்னுட்டாங்க. ஆறு வாரம் சிக் பே, அது 2025-ல வாரம் 118.75 பவுண்டா இருந்துச்சு, அதுலயும் முதல் மூணு நாளுக்கு அப்போ கிடையாது. எனக்கு கையில வந்துட்டு இருந்தது 420. அப்புறம் ஒரு குஜராத்தி கடைல பில் போடற வேலை கெடச்சுது, மணி நேரம் கம்மி, வாரம் 100 பவுண்ட் துண்டு விழுந்துச்சு. ஆபரேஷன் வரைக்கும் இப்படியே ஓடி மொத்தமா 4,000 பவுண்ட் பக்கம் போச்சு. 3,200 கட்டி முதல்லயே பிரைவேட்ல பண்ணியிருந்தா எனக்கு 800 லாபம். ஃப்ரீ சிகிச்சைக்கு வெயிட் பண்றதுக்கே காசு வேணும்ங்கறது எனக்கு அப்பத்தான் உறைச்சுது, சம்பளத்தோட லீவ் இருக்கறவன் பொறுமையா நிப்பான், தினக்கூலிக்காரன் எப்படி நிப்பான்.

மருந்து செலவு சின்ன விஷயம்தான், இருந்தாலும் சொல்றேன். இங்கிலாந்துல மட்டும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துல இலவசம். என் சீட்டுல இருந்த பாராசிட்டமாலுக்கு 9.90 கட்டப் போனேன், பார்மசில இருந்த பொண்ணே பாவப்பட்டு, பக்கத்து சூப்பர்மார்க்கெட்ல அம்பது பென்ஸுக்குள்ள கெடைக்கும்னு சொல்லுச்சு. 1948 ஜூலை 5-ல என்எச்எஸ் ஆரம்பிச்சப்போ மருந்து, பல்செட்டு, கண்ணாடி எல்லாமே சும்மாதான் குடுத்திருக்காங்க. 1951-ல பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் காசு வாங்கப் போறாங்கன்னதும், என்எச்எஸ்ஸ கொண்டுவந்த அனைரின் பெவன் மந்திரி பதவியவே தூக்கிப் போட்டுட்டு போயிட்டாரு, அடுத்த வருஷமே மருந்துக்கும் காசு வந்துருச்சு. வருமானம் கம்மின்னா ஹெச்.சி.1 (HC1)-னு ஒரு ஃபார்ம் போடுங்க, முழுசா தகுதி இருந்தா மருந்து, பல், ஆஸ்பத்திரிக்கு போற பஸ் காசு வரைக்கும் கெடைக்கும். மாசாமாசம் ரெண்டு மூணு மருந்து வாங்கறவங்க 114.50 கட்டி வருஷ பாஸ் எடுத்துக்கோங்க. நான் ரெண்டும் பண்ணல.

ஜூலைல ஹவுஸ்மேட் ஒருத்தனோட அக்கா வந்தாங்க, கேரளாக்காரங்க, நர்ஸ். என் கதைய கேட்டுட்டு தலைல அடிச்சிக்கிட்டாங்க. "மோனே, ரெஃபர் பண்ணும்போது ஆஸ்பத்திரிய நீதான் செலக்ட் பண்ணணும், யாரும் பறஞ்சில்லையா?" இல்ல சேச்சி, யாரும் பறையல. இங்கிலாந்துல எமர்ஜென்சி இல்லாத சிகிச்சைக்கு ஜிபி ரெஃபர் பண்ணும்போது எந்த ஆஸ்பத்திரிக்குன்னு நாம தேர்ந்தெடுக்கற உரிமை சட்டத்துலயே இருக்கு, என்எச்எஸ் கான்ட்ராக்ட் வெச்சிருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரியும் அதுல அடக்கம், காசு என்எச்எஸ் குடுக்கும். எந்த ஆஸ்பத்திரில எந்த டிபார்ட்மென்டுக்கு எத்தனை வாரம்னு மை பிளான்ட் கேர்னு ஒரு சைட்ல பாக்கலாம். ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கறவங்க 18 வாரம் தாண்டினா, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்துங்கன்னும் கேக்கலாம். அன்னிக்கு ராத்திரியே உக்காந்து பாத்தேன். நான் போன ஆஸ்பத்திரில முதல் அப்பாயின்ட்மென்டுக்கே மாசக்கணக்குல. 25 மைல் தள்ளி ஒண்ணுல நாலு வாரம். பேரைப் பாத்தா, எனக்கு 3,200 பவுண்ட் சொன்ன அதே பிரைவேட் ஆஸ்பத்திரி.

ஜூலை கடைசில ஜிபி கிட்ட அந்த பேரை சொல்லியே ரெஃபரல் கேட்டேன், ஒரு ரெஃபரன்ஸ் நம்பரும் பாஸ்வேர்டும் குடுத்தாங்க, நானே ஆன்லைன்ல தேதி போட்டேன். ஆகஸ்ட் கடைசில சர்ஜன் பாத்தாரு, அக்டோபர் நடுவுல ஆபரேஷன். தனி ரூம், மெத்து மெத்துன்னு கட்டில். பக்கத்து ரூம்ல காசு கட்டினவர், என் ரூம்ல நான், ரெண்டு பேருக்கும் அதே சர்ஜன். மயக்க மருந்து குடுத்தா வீட்டுக்கு கூட்டிட்டு போக ஒரு ஆளும், 24 மணி நேரம் கூட இருக்க ஒரு ஆளும் வேணும், இல்லன்னா அன்னிக்கு கேன்சல் பண்ணிடுவாங்க. தனியா இருக்கறவங்க இதை முன்னாடியே ஏற்பாடு பண்ணிக்கோங்க. ரூம் பசங்கள்ல ஒருத்தன் லீவ் போட்டு வந்தான், ரசம் சாதம் அவன்தான் வெச்சு குடுத்தான், மொளகு ஜாஸ்தி.

எனக்கு சந்தோஷமா இருந்தாலும் ஒரு உறுத்தல் இருக்கு. கடைல என்கூட வேலை பாக்கற அங்கிள், 68 வயசு, இடுப்பு எலும்பு தேஞ்சு கால இழுத்து இழுத்து நடக்கறாரு, ஒரு வருஷத்துக்கு மேல லிஸ்ட்ல இருக்காரு. எனக்கு வழி தெரிஞ்சதும் அவருக்கும் சொன்னேன், அதே பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு மாத்திக்கலாம்னு. எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அவருக்கு இதயத்துல ஸ்டென்ட் இருக்கு, சுகர் இருக்கு, அவங்க கிட்ட ஐசியு இல்ல, ரிஸ்க் கம்மியான ஆளுங்கதான் வேணுமாம். ஆக 28 வயசு, ஸ்மார்ட்போன், இங்கிலீஷ், டிரைவ் பண்ண ஃப்ரெண்டுன்னு எல்லாம் இருக்கற நான் குறுக்கு வழில புகுந்து பதினொரு வாரத்துல முடிச்சிட்டேன், உண்மைலயே கஷ்டப்படற மனுஷன் பெரிய ஆஸ்பத்திரி வரிசைலயே நிக்கறாரு. நான் போனது தப்பில்ல, ஒரு எடம் காலியாச்சுன்னு சேச்சி சொன்னாங்க. இருக்கலாம்.

போன வாரம் அவர் போன்ல என்எச்எஸ் ஆப் போட்டு குடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி நம்பரை சரி பாத்தோம், அவங்க கிட்ட இருந்தது மூணு வருஷம் முன்னாடி அவர் தொலைச்ச போனோட நம்பர். மாத்தியாச்சு. இப்போ தினமும் காலைல கடை தொறந்ததும் எதாவது வந்துருக்கான்னு என் கிட்ட போனை நீட்டறாரு, பாஸ்வேர்டு மட்டும் தினமும் மறந்துடறாரு.